வண்டிப் பட்டறையிலிருந்து மோட்டார்த் தொழிற்சாலை வரை
ஸ்ரூடபேக்கர் குடும்பத்தாரின் தொழில் வரலாறு

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. செல்வத்தின் நிலையாமையைக் குறிக்க எழுந்த இம்மொழி, வண்டி செய்து வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றுக்கு நேர்ப்பொருளிலேயே பொருந்துவதைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவிலே குதிரைவண்டிகளையும் கோச்சுவண்டிகளையும் செய்யும் தொழிலகங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மோட்டார் வண்டி தோன்றி ஒரு தலைமுறை கழிவதற்குள் அவற்றுட் பெரும்பாலானவை இருந்த இடந்தெரியாது மறைந்தன. வண்டித் தொழிலிலே பழகியவர் சிலர் மோட்டார்த் தொழிலிற் புகுந்து பெருவாழ்வு பெற்றனர் என்பது உண்மையே. பிளின்ற் நகரில் வண்டிகள் செய்துவந்த வில்லியம் டியூரன்ற் 1908 இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஒகையோ மாநிலத்து வண்டிக்காரக் குடும்பமொன்றிற் பிறந்த பிஷர் சகோதரர் மோட்டார் வண்டிகளின் உடற்கூடு செய்வதிற் பெயர்பெற்றனர். எனினும் அவர்கள் பழைய தொழிலைக் கைவிட்டுப் புதிய பெயரோடு புதிய தொழிலைத் தொடங்கியவர்கள். பழைய பெயரையும் பழைய ஊரையும் பழைய வாடிக்கையாளரையும் விடாது, குதிரை யுகத்திலிருந்து எஞ்சின் யுகத்துக்குக் கடந்து சென்ற பெருநிறுவனமாக விளங்கியது ஸ்ரூடபேக்கர் நிறுவனமே.

1852 இல் ஒரு கொல்லன் உலையாகத் தொடங்கி 1966 இல் கடைசி மோட்டார் வண்டியோடு முடிவெய்திய இத்தொழிலின் வரலாறு இரண்டு வினாக்களை எழுப்புகின்றது. மற்றையோர் வீழ்ந்த காலத்தில் இவர்கள் நிலைத்தது எவ்வாறு என்பது ஒன்று. அவ்வளவு பெரிய மாற்றத்தைத் தாங்கியவர்கள் பின்னர் வீழ்ந்தது ஏன் என்பது மற்றொன்று. இரண்டாவது வினாவின் விடை, அத்தொழிலகத்தில் உழைத்த பல்லாயிரவரின் முதுமைக்கால வாழ்வோடு பிணைந்ததாதலின், அது வெறும் வாணிப வரலாறாக நின்றுவிடுவதில்லை.

குடும்பமும் கொள்கையும்

ஸ்ரூடபேக்கர் குடும்பத்தின் முன்னோர் ஜேர்மனி நாட்டிலே வாள் முதலிய கருவிகளுக்குப் பெயர்போன சோலிங்கன் பகுதியைச் சேர்ந்தவர்கள். 1736 இல் அவர்கள் கடல் கடந்து பிலடெல்பியாத் துறைமுகத்தில் இறங்கினர். பென்சில்வேனியாவிலே குடியேறிய ஜேர்மனியர் செய்த கொனஸ்தோகா என்னும் பெருவண்டி அக்காலத்திற் புகழ்பெற்றது. வளைந்த அடித்தட்டும் வெண்டுணிக் கூடாரமும் உடைய அவ்வண்டி, தண்டவாளம் வருமுன்னர் மலைநாடுகளைக் கடந்து பண்டங்களைக் கொண்டுசென்றது. 1799 இற் பிறந்த யோன் ஸ்ரூடபேக்கர் என்பார் கொல்லுத் தொழிலும் வண்டித் தொழிலும் ஒருங்கே வல்லவர். தாமே செய்த கொனஸ்தோகா வண்டியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு 1830களின் நடுப்பகுதியில் அவர் ஒகையோ மாநிலத்து ஆஷ்லாந்து என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அவ்வண்டி இன்றும் நூதனசாலையிற் பேணப்படுகின்றது.

இக்குடும்பத்தார் டங்கர் எனப்பட்ட ஜேர்மன் கிறித்தவச் சபையைச் சார்ந்தவர்கள். எளிய வாழ்வு, ஆணையிடாமை, போரில் ஈடுபடாமை ஆகியன அச்சபையாரின் ஒழுக்கங்கள். அன்பைத் தவிர வேறெதனையும் எவருக்கும் கடன்படாதிருக்க வேண்டும் என்னும் விவிலிய உபதேசத்தை மூத்த யோன் தம் வாழ்க்கை நெறியாகக் கொண்டார் என்பர். அந்நெறியைப் போற்றியவர் செல்வராகவில்லை. 1837 இல் அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதார நெருக்கடி அவரையும் வாட்டியது. ஆனால் உலைத்தீயின் அருகில் வளர்ந்த ஐந்து ஆண்மக்கள் தந்தையின் கைத்திறனையும் அக்கொள்கையையும் முதுசொமாகப் பெற்றனர். ஹென்றி (1826), கிளெமென்ற் (1831), யோன் மோலர் (1833), பீற்றர் (1836), யேக்கப் (1844) என்போரே அவ்வைவர்.

அறுபத்தெட்டு டொலர் முதல்

மூத்தவராகிய ஹென்றியும் அடுத்தவராகிய கிளெமென்றும் 1852 பெப்ரவரி மாதம் 16 ஆம் நாள் இந்தியானா மாநிலத்துச் சவுத் பென்ட் என்னும் ஊரிலே கொல்லுப் பட்டறை ஒன்றைத் திறந்தனர். அவர்களிடம் இருந்த முதல் 68 டொலரும் கொல்லுக் கருவிகளுமே. குதிரைகளுக்கு இலாடம் அடிப்பதும் பழுதுபட்ட வண்டிகளைச் செப்பனிடுவதும் அன்றாட வேலையாக இருந்தன. புதிய வண்டி செய்யும் வாய்ப்பு முதலாண்டில் இரண்டொரு முறையே கிட்டியது.

கலிபோர்னியாவிற் பொன் கிடைத்த செய்தி அக்காலத்தில் இளைஞர் பலரையும் மேற்கே ஈர்த்தது. இருபது வயது நிரம்பாத யோன் மோலரும் 1853 இற் புறப்பட்டார். வழிச்செலவுக்குப் பணமில்லாமையால், சகோதரர் பட்டறையிற் செய்த வண்டி ஒன்றைப் பயணக் கூட்டத்தாருக்குக் கொடுத்து, அதற்கு ஈடாகத் தாமும் அவர்களோடு சென்றார். பிளேசர்வில் என்னும் சுரங்க ஊரை அடைந்த அவர் பொன் தோண்டச் செல்லவில்லை. பொன் தோண்டுவோருக்கு வேண்டிய ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டிகளைச் செய்து கொடுத்தார். தள்ளுவண்டி யோனி என்ற பட்டப்பெயரும் அதனால் வந்தது. பொன் தேடிச் சென்றோர் பலர் வெறுங்கையோடு திரும்ப, கருவி செய்து விற்றவர் ஐந்தாண்டிற் சேர்த்த 8,000 டொலரோடு 1858 இல் ஊர் திரும்பினார்.

அவர் திரும்பிய காலம் பொருத்தமான காலம். முந்திய ஆண்டிலே அயலூராகிய மிஷவாக்காவில் வண்டித் தொழில் நடத்திய ஜோர்ஜ் மில்பேண் என்பவர், இராணுவத்துக்குத் தாம் செய்துகொடுக்க வேண்டியிருந்த வண்டிகளுள் நூறு வண்டிகளைச் செய்யும் பொறுப்பை இச்சகோதரரிடம் ஒப்படைத்திருந்தார். இரண்டொரு வண்டியிலிருந்து நூறு வண்டிக்கு உயர்ந்த அவ்வேலையே பட்டறையைத் தொழிற்சாலையாக்கியது. ஆனால் படைக்கு வண்டி செய்வது போருக்குத் துணைபோவதன்றோ என்ற ஐயமும் குடும்பத்தில் எழுந்தது. சமயப் பற்று மிக்க ஹென்றி அதனால் மனங்கலங்கினார் எனக் குடும்ப வரலாறு கூறும். அவர் தம் பங்கை யோன் மோலருக்கு விற்றுவிட்டுப் பயிர்த்தொழிலை மேற்கொண்டார். 1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஸ்ரூடபேக்கர் வண்டிகள் வடபுலப் படைகளுக்குப் பெருந்தொகையாகச் சென்றன. போரை விலக்கிய சபையிற் பிறந்தோரின் செல்வம் போரினாற் பெருகியது. இம்முரண்பாடு இந்நிறுவனத்தின் வரலாற்றிற் பின்னரும் காணப்படுவது.

உலகின் பெரிய வண்டித் தொழிலகம்

1868 இல் 75,000 டொலர் முதலோடு ஸ்ரூடபேக்கர் சகோதரர் உற்பத்தி நிறுவனம் பதிவுசெய்யப்பட்டது. கிளெமென்ற் தலைவரானார். விற்பனையில் வல்லவராகிய பீற்றரும், இறுதியாக இளையவர் யேக்கப்பும் அதிற் சேர்ந்தனர். உற்பத்தி, நிதி, விற்பனை என்னும் துறைகள் சகோதரரிடையே பகிர்ந்துகொள்ளப்பட்டமை இந்நிறுவனத்தின் பெரும் பலமாயிற்று.

வண்டித் தொழிலின் நுட்பம் சில்லிலே தங்கியது. குடம், ஆரக்கால், வட்டை, இரும்புப் பட்டம் ஆகிய உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் தக்க மரமும் தக்க பதமும் வேண்டும். ஈரம் உலராத மரத்தாற் செய்த சில்லு, மேற்குப் பாலைநிலத்தின் வறண்ட காற்றிலே சுருங்கி ஆரக்கால்கள் கழன்றுவிடும். ஆளரவமற்ற வெளியிற் சில்லு முறிந்தால் அது பயணிகளின் உயிருக்கே ஆபத்தாகும். எனவே ஒக்கு, ஹிக்கறி முதலிய வன்மரங்களை ஆண்டுக்கணக்கில் அடுக்கி உலரவைத்த பின்னரே பயன்படுத்தும் வழக்கத்தை இச்சகோதரர் கைக்கொண்டனர். விற்கப்படுமுன் நெடுங்காலம் கிடக்கும் மரத்தில் முதலை முடக்குவதற்குச் சிறிய பட்டறைகளால் இயலவில்லை. பெரிய நிறுவனத்தின் வண்டி உழைக்கும் என்ற நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை.

1869 இல் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றது. இனி வண்டிகளுக்கு வேலையில்லை எனச் சிலர் எண்ணியிருத்தல் கூடும். நிகழ்ந்ததோ வேறு. புகையிரதம் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் கடைத்தெருவுக்கும் பொருள்களைக் கொண்டுசெல்ல வண்டியே வேண்டும். பாதை நீளுந்தோறும் நிலையங்கள் பெருகின, நிலையங்கள் பெருகுந்தோறும் வண்டிகள் பெருகின. மேற்கு நாட்டின் வாயிலாகிய மிசூரி மாநிலத்துச் சென்ற் யோசப் நகரில் பீற்றர் விற்பனை நிலையம் அமைத்தமை இவ்வாய்ப்பை நன்குணர்ந்த செயலாகும்.

1872 இலும் 1874 இலும் தீயினால் தொழிற்சாலை பேரழிவுற்றது. இரண்டாவது தீ பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. எனினும் மறு ஆண்டிலேயே விற்பனை பத்து இலட்சம் டொலரைக் கடந்தது. உலகிலேயே மிகப் பெரிய வண்டித் தொழிலகம் தமதே என அவர்கள் விளம்பரஞ் செய்தனர். 1889 இல் ஜனாதிபதி ஹரிசனின் வெள்ளை மாளிகைக்குக் கோச்சுவண்டிகள் சென்றதும் இங்கிருந்தே. அதே ஆண்டளவில் கிளெமென்ற் சவுத் பென்டில் நாற்பது அறைகள் கொண்ட கல்மாளிகையில் வாழத் தொடங்கினார். அறுபத்தெட்டு டொலரோடு உலை மூட்டியவர் அடைந்த உயர்வு அது.

குதிரை இல்லாத வண்டி

யேக்கப் 1887 இலும், ஹென்றி 1895 இலும், பீற்றர் 1897 இலும், கிளெமென்ற் 1901 இலும் காலமாயினர். எஞ்சியவர் யோன் மோலர் ஒருவரே. அவருடைய மகளை மணந்த பிரெடறிக் பிஷ் என்னும் வழக்கறிஞர் நிறுவனத்தின் நிருவாகத்திற் பங்குபெற்று, மோட்டார் வண்டித் துறையிலே நாட்டம் செலுத்த வேண்டும் என வற்புறுத்தி வந்தார். குடும்பத்துக்குள் மருமகனாக வந்த ஒருவரே குடும்பத் தொழிலின் எல்லையை முதலில் உணர்ந்தார் என்பது நோக்கத்தக்கது.

அக்காலத்தில் எவ்வகை மோட்டார் வண்டி நிலைக்கும் என்பது எவருக்கும் தெளிவாகவில்லை. 1900 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகள் 4,192 மாத்திரமே. அவற்றுள் 1,681 நீராவியாலும் 1,575 மின்சாரத்தாலும் 936 பெற்றோலாலும் இயங்கின. பிற்காலத்தில் ஏனையவற்றை வென்ற பெற்றோல் வண்டி அன்று கடைசி இடத்தில் இருந்தது. ஆதலின் ஸ்ரூடபேக்கர் நிறுவனம் 1902 இல் மின்சார வண்டியோடு இத்துறையிற் கால்வைத்தமை அறியாமையன்று. ஓசையும் புகையும் இல்லாத மின்சார வண்டி, நகரத்திலே கோச்சுவண்டி வாங்கிப் பழகிய செல்வர்களின் விருப்பத்துக்கு ஏற்றது. முதலாண்டில் விற்ற வண்டிகள் இருபது. அவற்றுள் இரண்டாவதை வாங்கியவர் தோமஸ் எடிசன். மின்கலத்தின் பாரமும், ஒருமுறை மின்னேற்றி ஓடக்கூடிய தூரத்தின் குறைவும் அவ்வகையை நாட்டுப்புறத்துக்கு உதவாததாக்கின. 1904 இல் எலீறியா நகரத்துக் காபோட் நிறுவனத்தோடு சேர்ந்து பெற்றோல் வண்டிகளையும் விற்கத் தொடங்கினர். அடிச்சட்டமும் எஞ்சினும் காபோட்டினுடையவை, உடற்கூடும் விற்பனையும் ஸ்ரூடபேக்கருடையவை.

இவ்வேற்பாட்டில் ஒரு குறை இருந்தது. வண்டியின் உயிராகிய எஞ்சின் பிறர் கையில் இருந்தது. 1908 இல் எவெறிற், மெற்ஸ்கர், பிளாண்டேர்ஸ் என்னும் மூவர் டிற்றோயிற் நகரில் நிறுவிய தொழிலகத்தோடும் விற்பனை உடன்பாடு ஏற்பட்டது. அம்மூவர் வண்டிகளை உற்பத்தி செய்ய, நாடெங்குமிருந்த ஸ்ரூடபேக்கர் முகவர்கள் அவற்றை விற்றனர். கமக்காரனுக்கு வண்டி விற்று அவனுடைய நம்பிக்கையைப் பெற்றிருந்த முகவர், அதே கடையில் மோட்டார் வண்டியையும் விற்றார். வண்டித் தொழில் மோட்டார்த் தொழிலுக்கு வழங்கிய பெருங்கொடை, மரவேலைத் திறனைக் காட்டிலும் இந்த முகவர் வலையமைப்பே எனலாம். மற்றைய வண்டி நிறுவனங்கள் காலந்தாழ்த்தியோ சிறுமுதலோடோ முயன்று தோற்ற இடத்தில் இவர்கள் நிலைத்தமைக்கு முதற்காரணம் இதுவே. பங்காளிகளிடையே பிணக்குகள் தோன்றியபோது ஸ்ரூடபேக்கர் நிறுவனம் அத்தொழிலகத்தை முழுமையாக வாங்கி, 1911 இல் புதிய கூட்டுத்தாபனமாக அமைந்தது. நியூயோர்க் முதலீட்டாளரின் பணம் இதற்கு வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அது குடும்பச் சொத்தென்னும் நிலை நீங்கிப் பங்குதாரர் சொத்தாகத் தொடங்கியது.

முதலாம் உலகப் போரிற் பிரித்தானியா முதலிய நாடுகளுக்கு வண்டிகளையும் குதிரைச் சேணங்களையும் பெருந்தொகையாக அனுப்பியமை குதிரை யுகத்தின் கடைசிப் பெருவாணிபமாக அமைந்தது. 1917 இல் யோன் மோலர் தமது 83 ஆம் வயதிற் காலமானார். 1920 இல் வண்டித் தொழில் முற்றாக நிறுத்தப்பட்டு, லூயிவில் நகரத்து நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. பழைய தொழிலின் இலாபத்தினால் புதிய தொழிலை வளர்த்து, புதியது தன் காலில் நின்ற பின்னரே பழையதைக் கைவிட்ட இப்பதினெட்டு ஆண்டுகள், தொழில்மாற்றம் எவ்வாறு நிகழ வேண்டும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஏற்றமும் முதல் வீழ்ச்சியும்

1915 இல் தலைவராகிய அல்பேட் ஏர்ஸ்கின் கணக்கியலில் தேர்ந்தவர். அவருடைய காலத்தில் உற்பத்தி டிற்றோயிற்றிலிருந்து படிப்படியாகச் சவுத் பென்டுக்குக் கொண்டுவரப்பட்டது. 1926 இல் வண்டிகளைச் சோதித்தற்கெனத் தனியான வெளி ஒன்று அமைக்கப்பட்டது. பின்னர் அங்கே ஆயிரக்கணக்கான பைன் மரங்களை நட்டு, வானிலிருந்து நோக்குவோர் படிக்கத்தக்கதாக நிறுவனத்தின் பெயரை எழுதினர். நிறுவனம் அழிந்த பின்னரும் அம்மரவெழுத்து அழியவில்லை.

1929 இற் பங்குச் சந்தை வீழ்ந்து பெருமந்தம் சூழ்ந்தபோது, நிலைமை விரைவிற் சீராகும் என ஏர்ஸ்கின் நம்பினார். அந்நம்பிக்கையால் 1930 இல் ஈட்டிய இலாபத்திலும் பன்மடங்கான தொகையைப் பங்கிலாபமாக வழங்கினார். அடுத்த ஆண்டிலும் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உலரவைத்த மரத்தை ஆண்டுக்கணக்கில் அடுக்கிவைத்த முன்னோரின் பொறுமைக்கு இது நேர்மாறானது. 1932 இல் கிளீவ்லாந்து நகரத்து வைற் லொறி நிறுவனத்தை வாங்கி, அதன் கையிருப்புப் பணத்தாற் சமாளிக்கலாம் என எண்ணினார். வைற் நிறுவனத்தின் சிறுபங்காளர் சிலர் இணைப்புக்கு உடன்படாமையால் அவ்வழியும் அடைபட்டது. 1933 மார்ச்சில் நிறுவனம் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு யூலை மாதம் முதலாம் நாள் ஏர்ஸ்கின் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

நிறுவனத்தை மீட்டவர்கள் ஹறல்ட் வான்ஸ், போல் ஹொவ்மன் என்னும் இருவர். முன்னவர் உற்பத்தியிலும் பின்னவர் விற்பனையிலும் தேர்ந்தவர்கள். 1935 இல் நிறுவனம் மறுசீரமைக்கப்பட்டது. 1939 இல் வெளிவந்த சாம்பியன் என்னும் பாரங்குறைந்த வண்டி, குறைந்த பெற்றோலில் நெடுந்தூரம் ஓடிப் பெயர்பெற்றது. போர்முடிவில் அழிந்த ஐரோப்பாவைக் கட்டியெழுப்பும் மார்ஷல் திட்டத்தை 1948 இல் நடத்தும் பொறுப்பு இந்த ஹொவ்மனிடமே ஒப்படைக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரிற் சவுத் பென்ட் மீண்டும் படைக்கலத் தளமாயிற்று. விமான எஞ்சின்களோடு ஏறத்தாழ இரண்டு இலட்சம் இராணுவ லொறிகள் அங்கு செய்யப்பட்டன. அவற்றுட் பெரும்பகுதி சோவியத்து நாட்டுக்கு அனுப்பப்பட்டது. சேற்றிலும் பனியிலும் பழுதின்றி ஓடிய அந்த லொறிகளின் மேல் சோவியத்துப் படையினர் கத்தியூஷா ஏவுகணைத் தாங்கிகளைப் பொருத்திப் போரிட்டனர்.

இரண்டாம் வீழ்ச்சி

போர் முடிந்ததும் புதுவடிவ வண்டிகளை மற்றைய பெருநிறுவனங்களுக்கு முந்தி ஸ்ரூடபேக்கர் வெளியிட்டது. றேமண்ட் லோவியின் குழுவினர் அமைத்த அவ்வண்டிகளில் முன்புறம் எது, பின்புறம் எது என்று கேட்டு மக்கள் நகைத்தனர், ஆயினும் விரும்பி வாங்கினர். 1950 ஆம் ஆண்டின் மாதிரி வண்டிகள் மூன்று இலட்சத்துக்கு மேல் விற்றன. தொழிலாளர் சங்கத்தோடு இணக்கமும் நிலவியது. தந்தையும் மகனும் ஒரே தொழிற்சாலையில் வேலைசெய்யும் காட்சியை நிறுவனம் தன் விளம்பரங்களிற் பெருமையோடு வெளியிட்டது. குடும்பத் தொழில் என்னும் பழம்பெயர் இப்போது முதலாளிமாரின் குடும்பத்தைக் குறிக்கவில்லை, தொழிலாளரின் குடும்பங்களைக் குறித்தது.

விற்பனை மிகுந்த காலத்தில் மறைந்திருந்த குறைகள் அது குறைந்தபோது வெளிப்பட்டன. பல மாடிகளைக் கொண்ட பழைய கட்டடங்களில் உற்பத்திச் செலவு அதிகமாயிற்று. சங்கத்தோடு இணக்கம் பேணுவதற்காக வழங்கிய கூலியும் ஏனைய நிறுவனங்களினதைக் காட்டிலும் உயர்ந்திருந்தது. ஆதாயம் வந்த ஆண்டுகளில் இயந்திரங்களைப் புதுப்பிப்பதற்குப் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை. இந்நிலையில் 1953 இல் போட் நிறுவனமும் ஜெனரல் மோட்டர்ஸும் ஒன்றையொன்று வெல்லக் கருதி உற்பத்தியைப் பெருக்கி விலையைக் குறைத்தன. யானைகள் பொருத இடைப்பட்ட செடி நசுங்கியதுபோலச் சிறிய நிறுவனங்கள் நசுங்கின. அழகிற் சிறந்ததெனப் பலரும் பாராட்டிய 1953 ஆம் ஆண்டின் வண்டியும் உற்பத்திக் குழப்பத்தால் வேண்டிய காலத்திற் கிடைக்கவில்லை.

1954 ஆகஸ்ட் மாதத்தில் தொழிலாளர் வாக்களித்துத் தம் கூலியைக் குறைத்துக்கொள்ள உடன்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் பக்காட் நிறுவனம் ஸ்ரூடபேக்கரை வாங்கியது. இணைந்த பின்னர்க் கணக்குகளை ஆராய்ந்தபோது, நட்டமின்றி இயங்குவதற்கு ஆண்டுதோறும் 282,000 வண்டிகள் விற்க வேண்டும் எனத் தெரிந்தது. அவ்வாண்டில் விற்றவையோ ஏறத்தாழ 82,000. 1958 இல் பக்காட் என்னும் பெயர் மறைந்தது. 1959 இல் லார்க் என்னும் சிறுவண்டி வந்து சிறிதுகாலம் உயிரூட்டியது. பெருநிறுவனங்களும் சிறுவண்டிகளைச் செய்யத் தொடங்கியதும் அவ்வாய்ப்பும் போயிற்று. 1962 இல் வெளிவந்த அவந்தி என்னும் வண்டி கண்டோரைக் கவர்ந்தது, ஆனால் போதிய தொகையிற் செய்து முடிக்கப்படவில்லை. 1963 டிசம்பர் மாதம் 9 ஆம் நாள் சவுத் பென்ட் தொழிற்சாலை மூடப்படும் என அறிவித்தனர். அம்மாதம் 20 ஆம் நாள் அங்கு கடைசி வண்டி வெளிவந்தது. கனடாவின் ஹமில்ரன் நகரத்துக் கிளையும் 1966 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்தியது.

தீராத கடன்

தொழிற்சாலை மூடப்பட்டபோது ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வேலையிழந்தனர். வேலை போனதிலும் கொடியதொன்று பின்னர்த் தெரியவந்தது. 1950 இல் சங்கமும் நிறுவனமும் உடன்பட்டு ஓய்வூதியத் திட்டம் ஒன்றை நிறுவியிருந்தன. அத்திட்டம் தொடங்குமுன் ஒருவர் உழைத்த ஆண்டுகளையும் கணக்கிற் சேர்த்து ஓய்வூதியம் வழங்குவதென வாக்களிக்கப்பட்டது. ஆனால் அப்பழைய ஆண்டுகளுக்குரிய பணத்தை உடனே வைப்பிலிடாது, முப்பது ஆண்டுகளிற் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே ஏற்பாடு. நிறுவனம் முப்பது ஆண்டு வாழும் என்ற நம்பிக்கையே அதற்குப் பிணை. திட்டம் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகளில் தொழிற்சாலை மூடப்பட்டது. நிதியிற் பணம் போதவில்லை.

இருந்த பணம் வயதின்படி பங்கிடப்பட்டது. ஏற்கனவே ஓய்வுபெற்றோரும் அறுபது வயதையடைந்தோருமாகிய 3,600 பேர் முழு ஓய்வூதியம் பெற்றனர். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினராய்ப் பத்தாண்டுக்குக் குறையாது உழைத்த ஏறத்தாழ 4,000 பேருக்கு உரிய தொகையில் நூற்றுக்குப் பதினைந்து மாத்திரமே கிடைத்தது. அவர்களின் சராசரி வயது 52, சராசரிச் சேவைக்காலம் 23 ஆண்டு. எஞ்சிய ஏறத்தாழ 2,900 பேருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. நிறுவனமோ வேறு தொழில்களில் முதலிட்டு மேலும் பல ஆண்டுகள் வாழ்ந்தது. 1967 இல் வேறு நிறுவனங்களோடு இணைந்தது. பங்குகளுக்கு மதிப்பு இருந்தது. ஓய்வூதியம் அதற்கென ஒதுக்கிய நிதியிலிருந்தே வழங்கப்பட வேண்டும் என்றும், நிதி தீர்ந்தால் நிறுவனம் பொறுப்பாகாது என்றும் ஒப்பந்தம் அமைந்திருந்தமையால், சட்டத்தின் முன் அது கடனாளியன்று.

இந்நிகழ்ச்சி அமெரிக்க மக்களின் மனச்சான்றை உறுத்தியது. தொழிலாளர் சங்கமும் சட்டமன்ற உறுப்பினரும் பல ஆண்டுகள் வாதிட்டபோது ஸ்ரூடபேக்கர் தொழிலாளரின் நிலை மீண்டும் மீண்டும் சான்றாகக் காட்டப்பட்டது. அதன் பயனாக 1974 செப்டெம்பர் மாதம் 2 ஆம் நாள் ஊழியர் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமாயிற்று. ஓய்வூதிய நிதிக்கு உரிய பணத்தை ஒழுங்காகச் சேர்க்க வேண்டும், குறித்த காலம் உழைத்தவரின் உரிமை பறிக்கப்படலாகாது, நிதி முறிந்தால் அரசாங்கக் காப்புறுதி நிறுவனம் ஓர் அளவுக்கேனும் ஈடுசெய்யும் என்பன அதன் முக்கிய விதிகள். சவுத் பென்ட் தொழிலாளருக்கு அச்சட்டம் காலங்கடந்த மருந்து. அவர்கள் இழந்ததை அது மீட்டுக் கொடுக்கவில்லை. பின்வந்தோரை அது காத்தது.

முடிவுரை

ஸ்ரூடபேக்கர் குடும்பத்தாரின் வரலாற்றை நோக்குமிடத்து, தொழில்மாற்றம் அவர்களை அழிக்கவில்லை என்பது புலனாகும். குதிரையிலிருந்து மின்சாரத்துக்கும், மின்சாரத்திலிருந்து பெற்றோலுக்கும் அவர்கள் தக்க காலத்திற் கடந்தனர். இருமுறையும் அவர்களை வீழ்த்தியது, நாளைக்கெனப் பேணவேண்டியதை இன்றைக்கெனச் செலவிட்டமையே. 1930 இல் அது பங்கிலாபமாகவும், 1940களின் இறுதியில் புதுப்பிக்கப்படாத இயந்திரமாகவும், 1950 இல் பணம் வைக்காத வாக்குறுதியாகவும் உருக்கொண்டது. மரத்தை உலரவைக்கும் காலத்தைக் குறைத்தால் சில்லு பாலைவெளியில் முறியும் என்பதை உலைக்களத்தில் நின்ற சகோதரர் அறிந்திருந்தனர். அவ்வறிவு கணக்கேட்டுக்கு மாறியபோது மறக்கப்பட்டது.

சவுத் பென்டிலே இன்று ஸ்ரூடபேக்கர் நூதனசாலை உண்டு. மூத்த யோன் செய்த கொனஸ்தோகா வண்டியும், கிளெமென்ற் விலைக்கு வாங்கிப் பேணிய ஆபிரகாம் லிங்கனின் கோச்சுவண்டியும், பிற்கால மோட்டார் வண்டிகளும் அங்கே ஒரே கூரையின்கீழ் நிற்கின்றன. வண்டியிலிருந்து மோட்டார் வண்டி பிறந்த வரலாற்றை அவை எடுத்துக் காட்டுகின்றன. எவருக்கும் கடன்படாதிருத்தல் வேண்டும் என்ற தந்தையின் நெறி ஒரு நூற்றாண்டு கழித்து நான்காயிரம் தொழிலாளரின் வீட்டு வாயிலில் முறிந்த வரலாற்றை 1974 ஆம் ஆண்டின் சட்டம் எடுத்துக் காட்டுகின்றது. தொழில் வரலாறு பயில்வோர் இவ்விரண்டையும் ஒருங்கே கற்றல் வேண்டும்.